மீட்டரில் 97, மூச்சில் 34

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதி வீடுகளில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறது. தைல டப்பா, தெர்மாமீட்டர், அதற்குப் பக்கத்தில் இது. யாருக்காவது மூச்சு வாங்கினால் அலமாரியைத் திறந்து விரலில் மாட்டிவிடுகிறார்கள். எண் 95-க்கு மேல் இருந்தால் "கேஸாத்தான் இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் வந்துவிடும்.

போன வருடம் பக்கத்து வீட்டுத் தம்பி பைக்கில் சறுக்கி விழுந்தான். ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியிருக்கிறது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. அவனே வண்டியை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அவன் அம்மா மீட்டரை மாட்டிப் பார்த்து, "97 இருக்குக்கா, பயமில்ல" என்று என்னிடம் காட்டினாள். அவன் திண்ணையில் முழங்கால் மேல் கையை ஊன்றிக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். "எங்கடா விழுந்தே?" என்றேன். "பாலத்துக்கிட்ட... மணல்ல... சறுக்கிருச்சு அத்தை" என்றான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மூச்சு. சட்டையைக் கழற்றச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 34. வலது நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது, இடது பக்கம் பின்தங்கி அசைந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது. இடது நுரையீரல் பாதிக்குமேல் சுருங்கிப் போயிருந்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்க வேண்டாத கேள்வியை நாம் கேட்டுவிட்டோம், அவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை. கேஷுவாலிட்டியில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மூச்சுத்திணறலோடும் நெஞ்சில் அடியோடும் வருகிறவரை அங்கே எப்படிப் பார்ப்பார்கள், ஏன் அப்படிப் பார்ப்பார்கள் என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

துருத்தியும் ஈரத் தட்டும்

நுரையீரல் காற்றை இழுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இழுப்பதற்கான தசை நுரையீரலில் கிடையாது. அது நனைந்த பஞ்சு மாதிரி ஒரு பொருள். விட்டால் சுருங்கிக்கொள்வதுதான் அதன் சுபாவம்.

கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துப் பாருங்கள். காற்றை யாரும் உள்ளே ஊதுவதில்லை. இரண்டு பலகையையும் விரித்தால் உள்ளே இடம் பெரிதாகிறது, காற்று தானாக வந்து நிரம்புகிறது. நெஞ்சுக்கூடு அந்தத் துருத்தி. விலா எலும்புகள் மேலே தூக்கிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற குடை வடிவத் தசையான உதரவிதானம் கீழே இறங்கும். உள்ளே இடம் விரிய, காற்று வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று, நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை.

சரி, நெஞ்சுக்கூடு விரிந்தால் நுரையீரல் ஏன் கூடவே விரிய வேண்டும்? இதற்கு அடுக்களைக்குத்தான் போக வேண்டும். கழுவிய இரண்டு எவர்சில்வர் தட்டுகளை ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று வைத்துவிட்டால் என்ன ஆகும்? பக்கவாட்டில் வழுக்கும், ஆனால் நேராகப் பிரிக்க முடியாமல் படுத்தி எடுக்கும். நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய சவ்வு, நெஞ்சுச் சுவரின் உள்பக்கம் இன்னொரு சவ்வு, நடுவில் கொஞ்சம் ஈரம். இந்த இரட்டைச் சவ்வுக்கு ப்ளூரா என்று பெயர். ஈரத் தட்டுகள் போல ஒட்டியிருப்பதால் சுவர் போகிற இடத்துக்கெல்லாம் நுரையீரலும் போகிறது.

தட்டுகளுக்கு நடுவில் ஒரு கத்தி முனையை நுழைத்துக் காற்று விட்டால் 'டப்' என்று பிரிந்துவிடும் அல்லவா? உடைந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் கீறினால் நடப்பதும் அதுதான். சவ்வுகளுக்கு நடுவில் காற்று புகுந்து, பிடி விட்டு, நுரையீரல் தன் சுபாவப்படி சுருங்கிக்கொள்கிறது. இதை டாக்டர்கள் நியூமோதொராக்ஸ் என்பார்கள். தம்பிக்கு நடந்தது இதுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: மூச்சு விட வழி திறந்திருக்க வேண்டும், துருத்தி உடையாமல் இருக்க வேண்டும், நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், வந்த காற்றை எடுத்துப் போக ரத்தம் ஓட வேண்டும். இந்த நான்கில் எது கெட்டாலும் வெளியே தெரிவது ஒரே ஒரு அறிகுறி, மூச்சு வாங்குவது. எது கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் பரிசோதனை.

எண் ஏன் கடைசியில் விழுகிறது

ஏற்காட்டுக்கு ஏறும் பேருந்தில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேகம் காட்டும் முள் 25-லேயே நிற்கிறது. முள்ளை மட்டும் பார்த்தால் சமதரையில் மெதுவாகப் போகிறோம் என்றுதான் தோன்றும். ஆனால் இன்ஜின் அலறுகிறது, கியர் ஒன்றில் கிடக்கிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது. வண்டி நிற்கிற நிமிடம் வரைக்கும் முள் 25-தான் காட்டும்.

உடம்பும் அப்படித்தான். ஒரு நுரையீரல் சுருங்கினால் மற்றது வேகமாக உழைத்து ஈடுகட்டும். கழுத்துத் தசை, தோள் தசை எல்லாம் கைகொடுக்க வரும். இளவயதுக்காரர்கள் இப்படி நெடுநேரம் தாக்குப்பிடிப்பார்கள்; அதனால்தான் அவர்களிடம் ஏமாந்து போகிறோம். தசை களைத்துப்போன பிறகுதான் மீட்டரில் எண் சரியும், அதுவும் சரசரவென்று.

மீட்டர் சொல்வது ஒன்றே ஒன்று. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் சுமையோடு போகிறது என்பது. ஹீமோகுளோபினை பஸ் என்றும் ஆக்சிஜனைப் பயணி என்றும் வைத்துக்கொண்டால், எல்லா பஸ்ஸிலும் சீட் நிறைந்திருந்தால் 100. டிப்போவிலிருந்து கிளம்பியது நாற்பது பஸ்ஸா, நாலு பஸ்ஸா என்று அது சொல்லாது. கடுமையான ரத்தசோகை உள்ளவருக்கும், நெஞ்சுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கும் 98 காட்டலாம். மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடி கார்பன் மோனாக்சைடு ஏறியவரிடம் இன்னும் மோசம். அந்த விஷவாயு ஏறிய பஸ்ஸையும் ஆக்சிஜன் ஏறிய பஸ் என்றே சாதாரண மீட்டர் எண்ணிவிடும். நகப்பூச்சு, சில்லிட்ட விரல் இவையும் குழப்பும். கறுத்த தோலில் நிஜத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எண் குறைந்தால் நம்புங்கள், ஓடுங்கள். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம்

நல்ல டூட்டி டாக்டர் நோயாளியைத் தொடுவதற்கு முன்னாலேயே பாதி முடிவு செய்திருப்பார். ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் தொங்கும். அவர் கட்டில் காலடியில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கூட வந்தவர்களுக்குக் கோபம் வரும். "என்னங்க பாத்துக்கிட்டே நிக்கிறீங்க!" அந்தப் பார்வைதான் பரிசோதனை என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதலில் உட்கார்ந்திருக்கும் விதம். மூச்சுக்குப் போராடுகிறவர் படுக்க மாட்டார். முன்னால் சாய்ந்து முழங்காலிலோ மேஜையிலோ கையை ஊன்றிக்கொள்வார். கை அசையாமல் ஊன்றிக்கொண்டால்தான் தோள் தசைகள் விலாக்கூட்டைத் தூக்கிவிட முடியும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் உடம்பே கண்டுபிடிக்கிற வித்தை இது. அவரைப் பிடித்து மல்லாக்கப் படுக்க வைப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

அடுத்தது பேச்சு. "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பேன். "இட்லி ரெண்டு, நேத்து வச்ச சாம்பார், அது சேரல போல" என்று ஒரே மூச்சில் வந்தால் நிம்மதி. "இட்லி... ரெண்டு..." என்று வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.

அப்புறம் எண்ணிக்கை. எந்தக் கருவியும் வேண்டாம். ஆனாலும் வீட்டில் யாரும் செய்யாத வேலை இது. நெஞ்சோ வயிறோ ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பு பெரிதாகிவிடும். எண்ணப்போகிறேன் என்று சொல்லவும் கூடாது, சொன்னால் அவர் மூச்சையே மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை நெஞ்சில் வைத்து எண்ணுவது எங்கள் பழைய தந்திரம். பெரியவர்களுக்கு 25-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 30-ஐத் தாண்டினால் யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. இருமல், சளியோடு இருக்கும் குழந்தை வேகமாக மூச்சு விடுகிறதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று சந்தேகப்பட வேண்டும். அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணினால் செல்லாது. மூக்கு விடைக்கிறதா, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, பால் குடிக்க முடியாமல் விலகிக்கொள்கிறதா என்று பாருங்கள். குழி விழுகிற குழந்தையை அந்த இரவே காட்டிவிட வேண்டும்.

காதுக்கு இரண்டு சத்தம் பிடிபட்டால் போதும். இழுக்கும்போது 'கர்ர்' என்று கேட்டால் அடைப்பு மேலே, தொண்டைப் பக்கம். விடும்போது விசில் மாதிரி கேட்டால் உள்ளே உள்ள சின்னக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. இதைத்தான் வீசிங் என்கிறோம். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆஸ்துமாக்காரர் ஒருவருக்கு இரவெல்லாம் வீசிங். விடியற்காலையில் சத்தம் நின்றுவிட்டது. "தேவலையாயிடுச்சு, தூங்குறார்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். விசில் ஊத வேண்டுமானால் காற்று ஓட வேண்டும். சத்தம் நின்றது காற்று ஓடுவது நின்றதாலும் இருக்கலாம். திணறிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிச் சொக்கினால், நான் வேலை பார்த்த இடத்தில் டாக்டரைக் கூப்பிட ஓடுவோம், நடக்க மாட்டோம்.

நிறத்தைப் பார்ப்பதானால் முகத்தைப் பார்க்காதீர்கள். நம் தோலில் நீலம் பாய்ந்தது வெளியே தெரியாது. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள்.

சுருக்கமாக: எப்படி உட்கார்ந்திருக்கிறார், எத்தனை வார்த்தை பேசுகிறார், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விழிப்பாக இருக்கிறாரா. இந்த நான்கையும் பார்த்தபிறகு மீட்டரை மாட்டுங்கள்.

பீப்பாயும் தர்பூசணியும்

டாக்டர் இடது நடுவிரலை நெஞ்சின்மேல் படிய வைத்து, வலது விரலால் அதைத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் விடுதிக்காரர் ஒருவரின் மகன் லியோபோல்ட் அவென்புருக்கர். பீப்பாயைத் தட்டி உள்ளே எதுவரை சரக்கு இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அங்கே உண்டு. டாக்டரான பிறகு அவர் மனித நெஞ்சைத் தட்டி 1761-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். நமக்கு இது புதிதா என்ன? தர்பூசணி வாங்கும்போதும் மண்பானை வாங்கும்போதும் தட்டாமல் நாம் காசு கொடுப்பதில்லை.

காற்றுள்ள இடம் கலகலவென்று ஒலிக்கும். தண்ணீரோ ரத்தமோ நிறைந்த இடம் 'தொப் தொப்' என்று மந்தமாகும். அடிபட்டவரின் இடது பக்கம் வழக்கத்தைவிட வெறும் குடம்போல ஒலித்து, ஸ்டெதாஸ்கோப்பில் மூச்சுச் சத்தமும் குறைந்திருந்தால் உள்ளே காற்று. மந்தமாக ஒலித்து, சத்தமும் குறைந்திருந்தால் ரத்தம். எப்போதும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். நெஞ்சுக்கு இரண்டு பக்கம் இருப்பது டாக்டர்களுக்குக் கிடைத்த வரம். ஒன்றைக் காட்டி மற்றதை அளக்கலாம்.

ஸ்டெதாஸ்கோப்பே 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் சுருட்டிப் பிடித்த ஒரு காகிதக் குழாயில் பிறந்ததுதான். ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டு அவர் செய்த வேலை.

நெஞ்சில் அடிபட்டால்

விபத்தில் வந்தவரைப் பார்ப்பதற்கு உலகம் முழுக்க இன்று ஒரே வரிசை. முதலில் காற்றுப் பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், அதன்பிறகு மூளையின் விழிப்பு, கடைசியில் உடையை நீக்கி உடம்பு முழுக்கத் தேடல். இதன் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துபோனார், நான்கு குழந்தைகளுக்கும் அடி. கொண்டுபோன கிராமத்து மருத்துவமனையில் எதை முதலில் பார்ப்பது என்ற ஒழுங்கே இல்லை என்று கண்ட அவர், சக டாக்டர்களோடு சேர்ந்து இந்த வரிசைக்கு ஒரு பயிற்சியை உருவாக்கினார். எது சீக்கிரம் கொல்லுமோ அதை முதலில் பார்; கோணலாகத் தொங்கும் கை பயங்கரமாகத் தெரிந்தாலும் அது காத்திருக்கும். அவ்வளவுதான் தத்துவம்.

மூச்சு என்ற படியில் நெஞ்சடி பல வேஷத்தில் வரும். பெரும்பாலும் விலா எலும்பு முறிவு. இதில் வலியே வில்லன். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமல், இருமாமல் இருந்தால் சளி தங்கி நிமோனியா வரும், முக்கியமாக வயதானவர்களுக்கு. முன்பு நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போடுவார்கள். இன்றும் சில ஊர்களில் கட்டுகிறார்கள். துருத்தியைக் கயிற்றால் கட்டிவிட்டு ஊதச் சொன்னால் எப்படி? இப்போது வலியைக் குறைத்து, மூச்சை ஆழமாக விட வைப்பதுதான் சிகிச்சை.

அடுத்தடுத்த விலா எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் உடைந்தால், நெஞ்சுச் சுவரில் ஒரு துண்டு தனியாகக் கழன்றுவிடும். நெஞ்சு விரியும்போது அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும், சுருங்கும்போது வெளியே வரும். சட்டைக்கு மேலே இது தெரியாது. நாங்கள் கத்திரிக்கோலால் சட்டையை வெட்டுவது திமிரினால் அல்ல.

நியூமோதொராக்ஸில் ஒரு ராட்சச வகை உண்டு. சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. நுரையீரலில் விழுந்த கிழிசல் அப்படி ஒரு வால்வாகிவிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே காற்று ஏறிக்கொண்டே போகும். அழுத்தம் கூடிக்கூடி இதயத்தையே மறுபக்கம் தள்ளும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தக் குழாய்கள் நெரிபடும். கழுத்து நரம்பு புடைக்கலாம், ரத்த அழுத்தம் சரியும். இதில் எக்ஸ்ரேவுக்காகக் காத்திருந்தால் படம் வருவதற்குள் ஆள் போய்விடலாம். அதனால் கண், காது, விரல் சொல்வதை நம்பி டாக்டர் நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை இறக்குவார். 'புஸ்' என்று காற்று வெளியேறும் அந்தச் சத்தத்தையும், அடுத்த நிமிடமே நோயாளியின் கண் திறப்பதையும் ஒரு தரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

காற்றுக்குப் பதில் ரத்தம் தேங்கலாம். பெரியவர் உடம்பில் இருப்பது ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம். அதில் பாதிக்குமேல் நெஞ்சின் ஒரே பக்கத்துக்குள் ஒளிந்துகொள்ள இடமுண்டு. தரையில் ஒரு சொட்டு விழாமலேயே ஆள் வெளுத்து, வியர்த்து, குளிர்ந்து போவார்.

கத்தியோ கம்பியோ குத்தியிருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. அடைப்பான் போல ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம். அது அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குத்துப்பட்ட ஓட்டை வழியாகக் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் பாலிதீனோ பிளாஸ்திரியோ வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடாதீர்கள். உள்ளே ஏறிய காற்று வெளியேற வழியில்லாமல் வால்வு கதை ஆகிவிடும்.

நெஞ்சில் கோளாறு இல்லாமலும்

மூச்சு வாங்கினால் நுரையீரல்தான் என்று முடிவு கட்டவும் முடியாது. இதயம் பலவீனமானவர் படுத்தால் திணறுவார், உட்கார்ந்தால் சரியாவார். "எத்தனை தலையணை வச்சுப் படுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய் ரத்தத்தில் அமிலம் ஏறியவருக்கு நுரையீரல் சுத்தமாக இருக்கும். அமிலத்தை வெளியேற்ற ஆழமாக, வேகமாக மூச்சு விடுவார். பதற்றத்திலும் மூச்சு வேகமாகும். ஆனால் "வெறும் டென்ஷன்தான்" என்ற முத்திரையை மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்தபிறகே குத்த வேண்டும். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்கிற பழைய வைத்தியத்தை வீட்டில் செய்யாதீர்கள். உள்ளே வேறு நோய் இருந்தால், இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் அது குறைத்துவிடும்.

108 வரும்வரை

விழிப்பாக இருப்பவரை அவருக்கு வசதியான நிலையில் உட்கார விடுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவர், கழுத்தில் வலி என்பவர் விஷயம் வேறு, அவரை அசைக்காதீர்கள். தண்ணீர், சோடா, காபி எதுவும் வாய்க்குள் போக வேண்டாம். இன்ஹேலர் வைத்திருக்கும் ஆஸ்துமாக்காரருக்கு அதை எடுத்துக் கொடுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள்.

ரோட்டில் யாரோ ஒருவருக்கு என்றால் போலீஸ், கோர்ட் என்று பயந்து நிற்பவர்கள் இன்னும் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு உதவும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

போனில் பேசும்போது "சீக்கிரம் வாங்க சார், சீரியஸ்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. எப்படி அடிபட்டது, பேசுகிறாரா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எந்தப் பக்கம் அசையவில்லை என்று சொல்லுங்கள். வண்டி வருவதற்குள் இன்னொரு முறை எண்ணி, மணியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எண்ணைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்பது டாக்டருக்குப் பெரிய சேதி.

தம்பி விழுந்த அன்று கையில் அகப்பட்டது ஒரு தீக்குச்சிப் பெட்டிதான். அதன் அட்டையைக் கிழித்து '7.40 – 34, 7.55 – 38, இடது' என்று எழுதி அவன் சட்டைப் பையில் செருகி அனுப்பினேன். டூட்டி டாக்டர் அதை எடுத்துப் படித்துவிட்டு, மீட்டரை மாட்டுவதற்கு முன்னால் அவன் இடது நெஞ்சைத் தட்டிப் பார்த்தாராம்.